திருநீறு போட்டுத் தேய்த்த வெள்ளிப் பனை

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் இன்றைக்கு எந்த வீட்டு வாசலில் வெள்ளி விசிறிப் பனை நின்றாலும், அதன் பாட்டன் என் கையால் முளைத்ததுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதனால் என்ன? மூன்றாம் வகுப்பைக்கூட முழுசாகத் தாண்டாதவன் நான். இன்றைக்கு நாலு ஏக்கரில் நர்சரி வைத்திருக்கிறேன். செடிக்கென்றே காலேஜில் படித்த பிள்ளைகள் வந்து, "ஐயா, இது ஏன் அழுகிப்போகுது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரைக் குறை என்று சொல்லி அனுப்புகிறேன். பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பனை என்னை ஒரு தடவை ஆட்டி வைத்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நாடு இரண்டாகப் பிரிந்த சமயம். எனக்கு இருபது வயது, புதுசாகக் கல்யாணம் ஆனவன். செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு வீட்டில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் ரிட்டையர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வயதான அக்கா ஒருவர் மட்டும் கூட இருந்தார். ஐயா வேலை பார்த்ததெல்லாம் வடமேற்கே, குவெட்டா பக்கத்து மலைகளில். அங்கிருந்து ஒரே ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பியிருந்தார். பெட்டியில் நாலு உடுப்பு, ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, ஒரு புகையிலை டப்பா. டப்பாவுக்குள் பதினோரு விதை.

"இது பனை ஜாதிடா. இலை வெள்ளி மாதிரி இருக்கும். என் ஸ்டேஷன் வாசல்ல நின்னுது. குளிர்காலத்துல அது தலைமேல ஐஸ் கட்டிக் கெடக்கும். ஒண்ணும் ஆகாது அதுக்கு."

"ஐயா, எனக்குச் சின்ன வயசுலயே காது குத்தியாச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "முளைக்க வைப்பியா, மாட்டியா?"

"முளைக்கலேன்னா நான் தோட்டக்காரனே இல்ல."

நம் ஊர்ப் பனங்கொட்டை முதலில் மேலே வராது. கீழேதான் ஒரு முழத்துக்குக் காலை விடும். இதுவும் பனை ஜாதி என்றால் இதுவும் அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றியது. சட்டியில் போடாமல் உயரமான மண்ணெண்ணெய் டின்னில் மணலும் செம்மண்ணும் கலந்து போட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, என் மண்டையில் வந்தது. ஐந்து மாதம் ஒன்றும் காணோம். ஆறாம் மாதம் முளைத்தது.

ஐயாவிடம், "மூணு முளைச்சிருக்கு" என்று சொன்னேன்.

முளைத்தது நாலு.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், ஆசை. வேறு காரணம் இல்லை. நாலாவதை டின்னோடு சாக்கில் சுற்றி என் பெண்டாட்டி ஊருக்குக் கொண்டுபோனேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம், என் மாமியார் வீட்டுச் சவுக்குத் தோப்பு. அங்கே மணல் மேட்டில் டின்னின் அடியை வெட்டிவிட்டு அப்படியே இறக்கினேன். விஷயம் தெரிந்தவர்கள் என் பெண்டாட்டியும் மாமியாரும் மட்டும்தான்.

செங்கல்பட்டு வீட்டில் மூன்றில் ஒன்று ஐப்பசி மழையில் அழுகிப்போனது. மற்ற இரண்டும் வாசலுக்கு இரண்டு பக்கமும் நின்றன. ஆமை வேகம். நாலு வருஷம் கழித்துத்தான் முதல் விசிறி இலை விரிந்தது. விரிந்த அன்றைக்கு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்படி ஒரு வெள்ளை. கோயிலில் சாமிக்குச் சாத்துகிற வெள்ளிக் கவசம் மாதிரி.

கொடுமை என்னவென்றால், அதே வருஷங்களில்தான் ஐயாவின் இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்தது. அந்த இலைகளைத் தெளிந்த கண்ணால் அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அக்காவுக்கு அவரைவிட மோசமான பார்வை. அந்த வீட்டில் நல்ல கண் என்றால் என்னுடையதுதான். என் வாய் சொல்வதுதான் அவர்களுக்குத் தோட்டம். நானும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வேன். மூன்று ரோஜா பூத்தால் முப்பது என்பேன். சந்தோஷப்படட்டுமே. ஆனால் ஐயா லேசுப்பட்டவர் இல்லை. "முப்பதா? அப்ப மூணு இருக்கும்" என்பார்.

பனையை மட்டும் அவரே பார்ப்பார். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தால், புகை மூட்டத்துக்குள் இரண்டு வெள்ளை உருவம் தெரியுமாம்.

"வெள்ளிதானேடா?"

"சுத்த வெள்ளி ஐயா."

எட்டாம் வருஷம் மார்கழியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று பட்டணத்துக்குப் போனார். தை மூன்றாம் தேதி வருவதாகக் கடிதம் வந்தது. புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது என்றும், வந்ததும் முதலில் வாசலில் நிற்பவர்களைத்தான் பார்க்கப் போகிறேன் என்றும் எழுதியிருந்தார். நானும் அக்காவும்தான் வாசலில் நிற்கப்போகிறோம் என்று அக்கா நினைத்துக்கொண்டார். ஐயா சொன்னது யாரை என்று எனக்குத் தெரியும்.

போகிக்கு முதல் நாள் இலைகளைப் பார்த்தேன். ரயில் பாதை பக்கத்திலேயே இருந்ததால் எஞ்சின் புகை படிந்து கரி ஏறிக் கிடந்தன. இந்த மூஞ்சியோடா ஐயா முன்னால் நிற்பது? கிணற்றடியில் அக்கா வெள்ளிச் சாமான்களைப் புளி போட்டு ஊறவைத்து, திருநீறு தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுத்துப்போன குங்குமச் சிமிழ் அவர் கையில் பளபளவென்று எழுந்து வந்தது. எனக்குப் பொறி தட்டியது. நான் எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

மிச்சப் புளித் தண்ணீரையும் ஒரு பிடி திருநீறையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். இலைக்கு முன்பக்கம், பின்பக்கம், விசிறியில் விரல் மாதிரி பிரிந்த ஒவ்வொரு மடிப்பும். மடங்கி நின்ற குருத்தைக்கூட விடவில்லை. காம்பு முள் குத்தி இரண்டு கையிலும் ரத்தம். தேய்க்கத் தேய்க்க இலை கறுப்பாகத்தான் தெரிந்தது. நனைந்தால் எந்த இலையும் அப்படித்தானே, காய்ந்தால் பளிச்சென்று வரும் என்று விட்டுவிட்டுப் போனேன்.

போகி அன்று வெயில் ஏறியதும் வந்து பார்த்தேன்.

பச்சை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வெறும் பச்சை. ஏரிக்கரையில் நிற்கிற பனங்கன்றுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.  தொட்டுப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். தேங்காய் நாரைப் பிழிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. வெள்ளி என்று நாங்கள் கொண்டாடியது மெழுகு மாதிரி ஒரு பூச்சு. பூசணிக்காய் மேல் சாம்பல் படிந்திருக்குமே, அந்த மாதிரி. குளிரையும் வெயிலையும் தாங்க அந்தச் செடி தானே பூசிக்கொண்டது. எட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்த எனக்கு இது தெரியவில்லை. புண்ணியவான் நான் அதை உரித்து எடுத்துவிட்டேன்.

வெள்ளையடித்து மிஞ்சின சுண்ணாம்பு வாளி சுவரோரம் இருந்தது. அதில் வெள்ளையடிக்கிற மட்டையை முக்கிக்கூட எடுத்துவிட்டேன். பிறகு, அதையும் பூசினால் செடியே செத்துப்போகும் என்று கீழே போட்டேன்.

தை மூன்றாம் தேதி ஐயா குதிரை வண்டியில் வந்து இறங்கினார். சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி. அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். நேராகப் பனைக்கு முன்னால் போய் நின்றார். இடது கையால் புரைக் கண்ணை மூடிக்கொண்டு புதுக் கண்ணால் பார்த்தார். பிறகு புதுக் கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார்த்தார். இப்படி நாலைந்து தடவை. 

"பச்சையாடா இது?"

நான் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கப் போனேன்.

"நாற்பது வருஷம் பச்சையும் சிவப்பும் பார்த்துச் சம்பளம் வாங்கினவன்டா நான். இது பச்சை." நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "இந்த ஊர்ச் சூட்டுல இதுக்கு வெள்ளி வரலை. வரவே இல்லை. என் கண்ணுல இருந்த புரைதான் எனக்கு வெள்ளியாத் தெரிஞ்சிருக்கு. நீயும் கெழவன் மனசு நோகக்கூடாதுன்னு சுத்த வெள்ளி, சுத்த வெள்ளின்னு சொல்லிட்டிருந்திருக்கே."

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "இடது கண்ணை அறுக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். அதுல பார்த்தாத்தான் அது வெள்ளியா இருக்கு."

இடிந்துபோனேன். இடது கண்ணில் புரை முத்திவிட்டது, சித்திரைக்குள் எடுக்காவிட்டால் கண்ணே போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மனுஷன், என்னால், ஒரு கண்ணை வேண்டாம் என்கிறான்.

மறுநாள் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "ஐயா, நான்தான் தேய்ச்சேன். புளி போட்டு, திருநீறு போட்டு. போகிக்கு முதல் நாள் வரைக்கும் வெள்ளிதான் ஐயா."

அவர் சிரித்தார். பனை விஷயத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இலையைப் புளி போட்டுத் தேய்ச்சியா? முப்பது ரோஜாக்காரா, போய் வேலையைப் பாரு."

எட்டு வருஷம் வாய்க்கு வந்தபடி அளந்தவன் சொன்ன ஒரே உண்மை. அதை நம்ப ஆளில்லை.

வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் புலம்பினேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "இன்னாய்யா பேஜாரு? நம்ம தோப்புல ஒண்ணு நிக்குதில்ல, அத்த இட்டுனு போய்க் காட்டு."

"காட்டினா இன்னா ஆவும் தெரியுமா? திருடன்னு ஆயிடும்டி."

"இப்ப மட்டும் இன்னாவாம் நீ?"

 புடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வீட்டுச் சாவிக் கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. அக்காவின் வெள்ளிச் சாமானை எண்ணாமல் என் கையில் கொடுப்பார்கள். அதெல்லாம் போய்விடும். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள், படியில் கால் வைக்கத் தெரியாமல் ஐயா தடுக்கி விழப்பார்த்தார். ஒரு கண்ணில் எல்லாம் பெரிதாக, ஒரு கண்ணில் எல்லாம் மங்கலாக. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "புதுக் கண்ணுல கடலைப் பாக்க வேணாமா ஐயா?" என்று சொல்லிக் கிளப்பினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். மாமல்லபுரத்தில் இறங்கி மாட்டு வண்டி. வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத எனக்கு என்ன வந்தது என்று அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நானும் அந்தப் பக்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சவுக்கு வரிசையைத் தாண்டினதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆள் உயரம். அடியில் இரண்டு பக்கக் கன்று. உப்புக் காற்றில் விசிறியெல்லாம் மோதிக்கொள்ள, வெயிலில் கண் கூசுகிற வெள்ளி. அதன் அடியில் மாமியார் ஆட்டைக் கட்டி வைத்திருந்தார்.

ஐயா இருபது அடி தள்ளியே நின்றுவிட்டார். கை தானாகப் போய் இடது கண்ணை மூடியது. புதுக் கண்ணால் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

"ஏதுடா இது?"

"உங்களுதுதான் ஐயா. அந்த டப்பாவுல இருந்தது."

"மூணுதான் முளைச்சுதுன்னே."

"நாலு."

 அறைவார் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் அறையவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மாமியாரைப் பார்த்து, "ஏம்மா, வூட்ல புளி இருக்கா? தேங்காய் நாரு?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்டார். மாமியார் கொண்டுவந்து கொடுத்ததும், ஐயா தன் இடுப்பில் இருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து என் கையில் போட்டார்.

"தேய்."

"ஐயா, வேணாம் ஐயா."

"தேய்டா."

எல்லாவற்றுக்கும் கீழே இருந்த இலையைப் பிடித்தேன். எட்டு வருஷம் திருட்டுத்தனமாக ஆசையாக வளர்த்தது. அதில் ஒரு விரலைத் தேய்த்தேன். மேல்துண்டால் அவரே துடைத்தார். குனிந்து, மூக்கு உரசுகிற மாதிரி பார்த்தார். வெள்ளி இலைக்கு நடுவில் ஒரே ஒரு பச்சைக் கோடு. நகத்தால் பக்கத்து விரலைச் சுரண்டி, நகத்தில் ஒட்டின வெள்ளைப் பொடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"அடப்பாவி. நெஜமாவே தேய்ச்சிருக்கே" என்றார்.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆடு வந்து அவர் துண்டை மோந்தது. அதை இழுத்துக்கொண்டே கேட்டார். "என் வாசல்ல இருக்கறது எட்டு வருஷமா இடுப்புக்கு மேல வரலை. இது எப்படிடா இவ்வளவு வந்துது?"

"மணல் ஐயா. தண்ணி நிக்காது. அங்க களிமண்ணு."

"இது எத்தனை வருஷமாத் தெரியும் உனக்கு?"

"மூணு வருஷமா."

"ஆனா எங்கிட்ட சொல்லலை. சொன்னா இது தெரிஞ்சுபோயிடும்."   திருடினதைவிட அதுதான் என்னை அதிகம் சுட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கடைப் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். டீக்கடை, சைக்கிள் கடை, உரக்கடை.  வேலை போயிற்று என்றே இருந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் சாவிக் கொத்தை அவிழ்த்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "பங்குனியில பட்டணம் போறேன், இடது கண்ணுக்கு. நீதான் கூட வரணும். அதுவரைக்கும் இந்த வீட்ல எதையும் தேய்க்காதே."

போனோம். புரையை எடுத்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஆடாமல் அவர் படுத்திருந்த நாளெல்லாம் நான் கட்டிலுக்கடியில் படுத்திருந்தேன். ஊர் திரும்பிய அன்று வாசலில் நின்ற பனையில் ஒரு குருத்து விரிந்திருந்தது. நான் நாரால் தொட்ட நுனி பச்சை, தொடாமல் உள்ளிருந்து வந்தது வெள்ளி. அவர் பார்த்தார். 

மறுநாள் காலையில் நாற்காலியிலிருந்து கூப்பிட்டார். "ரோஜா எத்தனைடா இன்னைக்கு?"

"ரெண்டு ஐயா."

கைத்தடியை எடுத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் படியிறங்கி, போய் எண்ணிவிட்டு வந்தார்.