கொக்கு செய்ய எடுத்த கட்டை

கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கி உருவம் செய்து விற்கும் தொழிலில், செய்கிறவள் காண்பது ஒன்று, வாசலில் நிற்கிறவர்கள் காண்பது வேறொன்று. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். இதையும் பிழையாகச் சொல்லி இன்னொருவரின் கோபத்தைத் தேடிக்கொள்வேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கைவேலைக்காரர்களே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

விறகு

பேசாலைக் கரையிலிருந்து என் மனுசன் ஒரு கட்டையை இழுத்து வந்தார். உப்புத் தண்ணீரில் ஊறி வழுவழுத்து, மேல்நுனி மட்டும் வளைந்து குனிந்திருந்தது. எனக்கு அதில் கொக்கு தெரிந்தது. உயிலங்குளத்து அக்கா ஒருவரும் கொக்குத்தான் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தார். விறகு கொத்த அவர் எடுத்த கோடரியைப் பறித்துக்கொண்டேன். மனுசன் சொன்னார்: "கொக்கெண்டால் பறந்து போய் மீன் பிடிச்சுக்கொண்டு வரட்டும். நான் அடுப்புக்கு வேற கட்டை பாக்கிறன்."

மெழுகுதிரி

வெள்ளைச் சிப்பிகளை அடுக்கிச் சிறகு ஒட்டினேன். மீன் கொத்துகிற நீளச் சொண்டு முறிந்துவிடும் என்று, அதை எப்போதும் கடைசியில்தான் வைப்பேன். பசை காயட்டும் என்று வாசலில் நிறுத்தினேன்.

அன்று காற்று பலம். பக்கத்து வீட்டுப் பிலோமினாக்காவின் புருசனுடைய வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. பூசை முடிந்து வந்தவ, குனிந்த தலையையும் வெள்ளைச் சிப்பி முக்காட்டையும் கண்டு, முழந்தாளிட்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டா. மத்தியானம் வள்ளம் வந்தது. பின்னேரம் என் வாசலில் சனம். "அக்கா, அது கொக்கு," என்றேன்.

"மாதா எந்த ரூபத்திலயும் வருவா. நீ வாயை மூடடி!"

சொல்லி வைத்தவர்

உயிலங்குளத்து அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். "மாதாவை விக்கப் போறியோ?" என்று பெண்கள் சுற்றி வளைத்தார்கள். விற்றால் அயலில் முகம் கொடுக்க ஏலாது. விற்காவிட்டால் சொன்ன சொல் போய்விடும். வந்தவர் கட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, நான் கொக்குக்குத்தான் சொல்லிவிட்டனான். உங்கட மாதாவைக் கொண்டுபோய் வயல்கரையில நிப்பாட்ட எனக்கேலாது."

சுவாமி

கோயிலிலிருந்து பங்குச் சுவாமியும் விசாரிக்க வந்தார். சொண்டு வைக்காததால் வந்த வினை என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அப்ப சொண்டை வையும், பிள்ளை. பிறகும் ஆரும் மெழுகுதிரி கொண்டு வந்தால் கோயிலுக்கு அனுப்பும்."

பிலோமினாக்காவுக்கு

சொண்டு வைத்ததும் சனம் கலைந்தது. கொக்கு உயிலங்குளம் போனது. பிலோமினாக்கா மட்டும் என்னோடு கதைக்கவில்லை. அவவின் முகம் வாடினதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கணவாய் மீனின் வெள்ளை ஓட்டில் சின்னதாக ஒரு மாதா செதுக்கி, மன்றாட்டுப் போல இரண்டு கையாலும் நீட்டினேன். அவ வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னா:

"வடிவாத்தான் கிடக்கு. ஆனால் என்னடி, கொக்கு மாதிரியெல்லோ நிக்கிறா!"

இப்போதெல்லாம் எந்தக் கட்டையை எடுத்தாலும், முறிந்தால் முறியட்டும் என்று, முதலில் சொண்டைச் செருகிவிட்டுத்தான் வாசலுக்கே கொண்டுவருகிறேன்.