மொட்டைக்கழுத்துச் சேவலுக்கு உத்தரவு

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறினால் வரும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பத்திநாதனைத் தெரியாதவர் இல்லை. கங்காணி என்பதால் அல்ல, கோழியால். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த மனிதர் குடித்துவிட்டு வந்து நான் அழுததில்லை. ஊர் வம்பை விலைக்கு வாங்கி வந்து அழுததில்லை. கோழியால் மட்டும் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன் என்று அந்தோனியாருக்குத்தான் தெரியும்.

அவருடைய ஆசையைக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். பண்ணையிலிருந்து வாங்கிவரும் சிவப்புக் கோழி நாள் தவறாமல் முட்டையிடும். ஆனால் அடைகாக்கத் தெரியாது, ஒரு வாரம் மூடுபனி இறங்கினால் சளி பிடித்துச் செத்துப்போகும். நாட்டுக்கோழி குளிரைத் தாங்கும், அடைகாக்கும். முட்டையோ பெருநாளுக்குப் பெருநாள்தான். இரண்டையும் கலந்து, இரண்டின் நல்ல குணமும் உள்ள ஒரு சாதியை உண்டாக்க வேண்டுமாம். ஆறு வருஷமாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறார். இதுவரை பிறந்தவையெல்லாம் நாட்டுக்கோழி மாதிரி முட்டையிட்டு, பண்ணைக் கோழி மாதிரிச் செத்தன.

காலையில் மலைக்கு வேலைக்குப் போகுமுன், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கோழிகளுக்குப் பெரட்டு வைப்பார். கொழுந்துக்காரிகளை நிறுத்திப் பேர் வாசிப்பது போலவே ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். முட்டையிட்டதற்கு முழுப்பேர், இடாமல் சும்மா கொக்கரித்த கோழிக்கு அரைப்பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம் போடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் அரைப்பேர் என்போம். ஒருநாள் ரொட்டி கருகியதற்கு எனக்கும் அரைப்பேர் என்றார். அன்றைக்கு அவருடைய சாப்பாட்டில் நான் அரைப்பேர் போட்டேன்.

போன வருஷம் மாத்தளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மற்றவர்கள் அங்கிருந்து பலாப்பழம் கொண்டு வந்தார்கள். இவர் ஒரு சேவலைக் கொண்டு வந்தார். அதன் கழுத்தில் ஒரு இறகு இல்லை. சிவந்து, சுருங்கி, பார்க்கச் சகிக்கவில்லை.

"என்னங்க இது, பாதி உரிச்சதும் ஓடி வந்துருச்சா?"

"மொட்டக்கழுத்துச் சாதி ஷிராணி. நோய் அண்டாது. சதையும் நல்லாப் புடிக்கும்."

"அது வெயில் ஊர்க் கோழிங்க. இங்க நம்மளே கம்பளிய கழட்ட மாட்டேங்கிறோம்."

"அதுக்குத்தானே கலக்கப் போறேன்."

கலந்தது உண்மைதான். ஆனால் எங்கள் கோழியோடு அல்ல.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காவிடம் ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி இருந்தது. அவருடைய மகள் தனுஷிகா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், பதினொரு மாதம் ஒரு போன்கூட வராமல் இருந்தது. அக்கா முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்டார். மகள் உயிரோடு திரும்பினால், தன் வீட்டில் பொரித்து, தன் கையால் தீனி போட்டு வளர்த்த கருஞ்சேவலைக் கொடுப்பதாகவும், அதில் ஒரு வெள்ளை இறகுகூட இருக்காது என்றும். தனுஷிகா வந்துவிட்டாள். கையெல்லாம் சூட்டுத் தழும்பு, ஆனாலும் உயிரோடு வந்தாள். அக்கா அந்த வாரமே கோழியை அடை வைத்தார்.

ஒன்பது குஞ்சு பொரித்தது. ஒன்பதும் மொட்டைக்கழுத்து.

அக்கா குஞ்சுகளைச் சுளகில் அள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "கங்காணித் தம்பி, இதெல்லாம் யாரு புள்ளைங்க?"

வேறு ஆளாக இருந்தால் காலில் விழுந்திருப்பான். இவர் குனிந்து எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஒம்போதும் அப்படியே விழுந்திருக்கே அக்கா! அப்ப அப்பன் சுத்தமான சாதிதான்!"

நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது எனக்கு. வேலியை அடையுங்கள், வேலியை அடையுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

மறுபடி அடை வைக்கவும் வழியில்லாமல் போனது. அக்காவின் கோழியைக் கீரி கொண்டுபோயிற்று. மொட்டைக்கழுத்து அப்பன் அடுத்து வந்த மழைக்கே சளி பிடித்துச் செத்தது. குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் குளிரில் விறைத்துப்போக, மிஞ்சியது ஒரே ஒரு சேவல். தொண்டைக்கு முன்னால் மட்டும் சின்னதாக ஒரு கொத்து இறகு. மற்றபடி கழுத்து மொட்டை. ஆனால் உடம்பு மையாகக் கறுப்பு. அக்காவின் நேர்த்திக்கடன் முழுவதும் அந்த ஒற்றைச் சேவலின் உயிரில் வந்து நின்றது.

அது செத்தால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இவருக்குப் பயம். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக்கி, தினம் காலையில் அக்கா வீட்டுக்குப் போய் அந்த மொட்டைக்கழுத்தில் தேய்த்துவிடுவார். எட்டு மாதம் ஒருநாள் தவறவில்லை. சேவலும் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக்கொடுக்கும். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது தைலம் தேய்க்க இவருக்கு நேரமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இவர் ஆறு வருஷமாகத் தேடிய கோழியாகத்தான் அது வளர்ந்தது. மூடுபனியில் ஒரு தும்மல் இல்லை. மற்றச் சேவல்களைவிட ஒன்றரை மடங்கு பாரம். "இதுதான் ஷிராணி, இதுதான்" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு வாரம் எங்கள் கோழிகளோடு விடக் கொடுங்கள் என்று அக்காவிடம் கெஞ்சினார்.

"சாமிக்கு விட்டது தம்பி. பொட்டக்கோழி பக்கம் விட்டா தீட்டு" என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இவர் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

பூசை நாள் வந்தது. தூறலில் எல்லோரும் முனியாண்டி கல்லுக்கு முன்னால் நின்றோம். மொட்டைக்கழுத்து குறையில்லையா என்று யாரோ கேட்டார்கள். பூசாரி அழகன் சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ள எறகு இருக்கக் கூடாதுன்னுதானே நேந்தீங்க? இதுக்கு எறகே இல்லையே. எடுங்க தண்ணிய."

எல்லோரும் சிரித்தோம். அத்தோடு சிரிப்பு நின்றது.

மஞ்சள் தண்ணீரை ஊற்றியதும் சேவல் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். உதறாவிட்டால் சாமி ஏற்கவில்லை. சேவலை அவிழ்த்து விட்டுவிட வேண்டும், யாரும் பிடித்துக்கொண்டு போகலாம். அழகன் கழுத்தில் ஊற்றினார். சேவல் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டியது. மறுபடி ஊற்றினார். இன்னும் நீட்டியது. மூன்றாம் தடவையும் சுகமாக நின்றது.

அம்மாக்கண்ணு அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி வேணாங்குதே. எம்புள்ளைய திருப்பிக் கேக்குதா?"

எனக்குக் காரணம் தெரியும். இவருக்கும் தெரியும். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், அந்தச் சேவல் சாயங்காலம் எங்கள் கூட்டில் இருக்கும். பேசக் கூடாத இடத்திலெல்லாம் பேசுகிற மனிதர், வாயை இறுக்கி மூடிக்கொண்டு சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசமாட்டாரோ என்று முழங்கையால் இடிக்கப் போனேன்.

பிறகு முன்னால் போனார்.

"அழகன், சாமி மறுக்கல. தெனம் மஞ்சள் போட்டு நான்தான் கழுத்தத் தேச்சுப் பழக்கிட்டேன். தேச்சு விடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு நிக்குது. கழுத்துல ஊத்தாதீங்க. றெக்கைக்கு நடுவுல ஊத்துங்க, பச்சத் தண்ணி."

அழகன் முதுகில் ஊற்றினார். சேவல் உடம்பெல்லாம் சிலிர்த்து உதறியது. குலவைச் சத்தம் எழுந்தது. அக்கா இவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அழகன் கத்தியை எடுத்தார்.

சாயங்காலம் தனுஷிகா எங்களுக்கும் கறி கொண்டு வந்தாள். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று பாதர் சொல்வார். எங்கள் லயத்தில் யாரும் கறிக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பியதில்லை. இவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றார்.

"சத மெதுவா இருக்கு ஷிராணி. எலும்பும் நல்ல கெட்டி. எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு" என்றார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சோற்றில் சொட்டியது.

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? "பேசாம சாப்பிடுங்க!" என்று கத்தினேன். கத்தும்போது எனக்கும் குரல் உடைந்துவிட்டது.