மைனிக்கு ஒரு டேங்க் தண்ணீர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கல்யாணம்... அதற்கு முன்னால் ஒரு டேங்க். கல்யாணத்தைவிட டேங்க்தான் அதிகம் வேலை வாங்கியது. அதனால் அதையே சொல்கிறேன்.

அமரவிளையில், ஹைவேயில், சாயங்கால நேரம். எங்கள் வேன் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் பக்கத்தில் வந்து கத்தினார்.

"சாரே, நிறுத்துங்க! அடியில என்னமோ தொங்குது! வெள்ளம் கொட்டுது!"

என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. டேங்க் நிற்கவில்லை.

டமார்! ஒரு பக்கம் அறுந்து ரோட்டில் இடித்து, இன்னொரு பக்கம் தொங்கிக்கொண்டே கொஞ்ச தூரம் இழுபட்டு... மூடி தெறித்து... எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் முழுவதும் ஹைவேயில். (எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.) டீக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். யாருக்கும் அடி இல்லை. மானம் மட்டும் போனது.

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. அது பழைய ஸ்கூல் வேன். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் வாங்கி, உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு சின்ன பாத்ரூம் என்று வைத்து, கேம்பர் ஆக்கிவிட்டார். பெயின்ட் அடித்த பிறகும் பின்னால் 'குழந்தைகள் கவனம்' என்பது லேசாகத் தெரியும். அதற்கு அனுமதி வாங்க அவர் அலைந்ததை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

அவர் பெயர் ஜெபராஜ். ஊருக்கு 'சார்'. கோபம் வந்தால் எனக்கும் சார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எங்கே தப்பு என்று எழுதிக் கொடுப்பதுதான் சர்வீஸ் முழுக்க அவர் செய்த வேலை. ஊரான் வண்டியில் ஒரு நட்டு லூசாக இருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லுவார். சொந்த வண்டியின் வயிற்றில் தொங்கியது மட்டும் கண்ணில் படவில்லை!

அவர் கேம்பர் செய்தது ஊர் சுற்ற அல்ல. அக்காவுக்காக. ரோஸ்லின், அவருடைய மூத்த அக்கா. எனக்கு மைனி. பாறசாலையில் எங்கள் பக்கத்து வீடு. மகள் கோயம்புத்தூரில். பேத்திக்குக் கல்யாணம்.

மைனிக்கு முட்டி மடங்காது. பிரஷருக்கு நீர் மாத்திரை வேறு. அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம். பஸ்ஸில் எப்படிப் போவாள்? ரயில் இருக்கிறதே என்பீர்கள். ஒரு தடவை போனாள். ஆடுகிற பெட்டி, வழுக்குகிற தரை, மடங்காத முட்டி, கதவுக்கு வெளியே க்யூ. வந்து சொன்னாள்: "இனி என்னைச் சவப்பெட்டியில வெச்சாக்கும் கொண்டு போணும்."

அதோடு யாத்திரை நின்றது. மகளின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகவில்லை. பேத்தியின் பிரசங்கப் போட்டி, பட்டமளிப்பு எல்லாம் போனில்தான். இப்போது அந்தப் பேத்தி போனில் சொல்லிவிட்டது: "அம்மாச்சி, நீங்க வரல்லேன்னா நான் சர்ச்சுக்குள்ள ஏறமாட்டேன்."

எத்தனையோ கெஞ்சி, 'உள்ளேயே பாத்ரூம் உண்டு, தண்ணீர் உண்டு' என்று சத்தியம் செய்து, மைனியை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேனில் ஏற்றினோம். நெய்யாற்றின்கரை வரை ஒரு ட்ரயல். அதில்தான் இந்தக் கூத்து!

காலுக்கடியில் இடி விழுந்ததுபோல் இருந்திருக்கும் பாவம். கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னேன்லா மக்கா. எனக்கு யாத்திரை விதிக்கல்ல. நீங்க போயிட்டு போட்டோ அனுப்புங்க."

அந்த 'போட்டோ' என்ற வார்த்தை எனக்கு நெஞ்சில் குத்தியது. வியாழக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். அன்று திங்கள்.

தொங்கிய டேங்கைக் கயிற்றால் கட்டி, அங்கேயே ரோட்டை விட்டு உள்ளே இருந்த ஷிபுவின் வெல்டிங் பட்டறைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். ஷிபுவுக்கு நாற்பது வயதிருக்கும். சிரிக்காமல் பேசத் தெரியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனவர் அங்கிருந்தே கேட்டார்.

"சாரே, இது ஆரு செய்த பணியாக்கும்?"

சார் மேலே மரத்தைப் பார்த்தார். "ஒரு ஆளு செஞ்சது."

"அந்த ஆளப் பிடிச்சு இதுக்கு அடியில கெட்டித் தொங்கவிடணும் சாரே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஷிபு தலையை வெளியே நீட்டி என் முகத்தைப் பார்த்தார். சார் முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்து மறுபடி உள்ளே போய்விட்டார். அடியிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு வெறும் சிரிப்புச் சத்தம்தான்.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் டேங்க். அதைச் சுற்றி இரண்டு தகரப் பட்டை. அந்தப் பட்டைகளை மேலே தரைப் பலகையில் நாலு ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருந்தார் சார். காலி டேங்கை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, 'இதுக்கு இது தாராளம்' என்று. பொழியூர் வரைக்கும் காலி டேங்கோடு ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. கடல் பார்த்தோம், டீ குடித்தோம், பத்திரமாகத் திரும்பினோம். சாருக்கு ஒரே பெருமை.

ட்ரயல் அன்றைக்குத் தண்ணீர் நிறைத்தது நான். எங்கள் பக்கத்தில் எதையும் அரைகுறையாக அனுப்புவது வழக்கமில்லை. சக்கை, அதாவது பலாக்காய், வறுத்தது கொடுத்தால் டின் மூடி மூடாது. பாயசம் கொடுத்தால் தூக்குவாளி வழியாமல் வீட்டுப்படி இறங்காது. மோட்டாரைப் போட்டு, வாய் வரைக்கும் நிறைத்து, வழிந்த பிறகுதான் நிறுத்தினேன். இருநூறு லிட்டர். அதாவது இருநூறு கிலோ. சாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார், நானும் படித்திருக்கிறேன். நாலு மூட்டை அரிசியை நாலு ஸ்க்ரூவில் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு ஹைவேயில் போயிருக்கிறோம்!

ஷிபு வெளியே வந்து கையைத் துடைத்தார். இரண்டு ஆண்களும் ஆலோசனை நடத்தினார்கள்.

"சாரே, எளுப்பமா ஒரு வழி உண்டு. டேங்க சின்னதாக்கிருவோம். ஒரு நாப்பது லிட்டர். பட்டைய மாத்தினா போதும், நாளைக்கே வண்டியக் கொண்டு போலாம்."

"அதும் சரிதான்" என்றார் சார். "வழியில பெட்ரோல் பங்கு உண்டு, ஓட்டல் உண்டு. எதுக்கு இவ்வளவு வெள்ளம்?"

வந்ததே எனக்குக் கோபம்!

"சார்" என்றேன். அவருக்கு அப்போதே பாதி புரிந்திருக்கும். "நீங்க வண்டிய ஓரம் கெட்டிட்டு ஒரு மரத்தடிக்குப் போயிட்டு வந்திருவிய. நாங்க எங்க போவோம்? பங்குல உள்ள கக்கூஸு பூட்டிக் கிடக்கும். தொறந்து கிடந்தா பைப்புல வெள்ளம் இருக்காது. அதனாலதான் வெளிய போற அன்னைக்கு நாங்க விடிஞ்சதுலேர்ந்து ஒரு துளி வெள்ளம் குடிக்கமாட்டோம். உங்க அக்கா குடிக்கமாட்டா. நானும் குடிக்கமாட்டேன். கல்யாணம் முடிஞ்சு இத்தன வருசமா எங்கூட வண்டியில வாறியளே, இது உங்களுக்குத் தெரியுமா?"

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே தெரியாது! வண்டியின் ஒவ்வொரு நட்டையும் தெரிந்த மனிதருக்கு, பக்கத்து சீட்டில் இருப்பவளின் தொண்டை காய்ந்திருப்பது தெரியாது.

முதலில் வாய் திறந்தது ஷிபுதான். சிரிப்பைக் காணோம்.

"சேச்சி... என் அம்மயும் எங்கயாவது போற அன்னைக்கு வெள்ளம் குடிக்கமாட்டா. கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டா. நான் இவ்வளவு நாளும்... அது என்னமோ விரதம்னாக்கும் நெனச்சிட்டு இருந்தேன்."

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் இப்படி எத்தனை விரதங்கள்! சர்ச்சுக்கு வெளியிலும் கோயிலுக்கு வெளியிலும், ஒரு சாமிக்கும் வேண்டிக்கொள்ளாமல், வெறும் கக்கூஸ் பயத்தில் பெண்கள் இருக்கிற விரதங்கள். ஆண்கள் பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் பயணம் கிளம்புகிறார்கள். நாங்கள் பாத்ரூமைக் கணக்குப் பார்த்து வீட்டில் இருந்துவிடுகிறோம். அப்புறம் எங்களுக்கு ஊர் சுற்றவே பிடிக்காது என்று ஒரு பெயர் வேறு.

ஷிபு அதற்குமேல் ஆலோசனை கேட்கவில்லை. யார் வீட்டு இரும்பு கேட்டோ பாதி வெல்டிங்கில் கிடந்தது. அதை ஓரமாகச் சாய்த்தார்.

"பெரிய டேங்குதான். தொட்டில் மாதிரி ஒண்ணு அடிச்சுத் தாறேன் சாரே. இனி அது தொங்காது... இருக்கும்."

இரும்பு ஆங்கிளில் நாலு பக்கமும் சட்டம், அடியில் குறுக்கே கம்பிகள். டேங்க் அதற்குள் உட்கார வேண்டும். அந்தச் சட்டத்தைத் தரைப் பலகையில் அல்ல, வண்டியின் சேஸியிலேயே தடித்த போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பழைய டேங்க் ரோட்டில் உரசிக் கீறியிருந்ததால், அதே அளவில் புதிது வாங்கினோம். இரும்பு பிளாஸ்டிக்கை அறுக்காமல் இருக்க நடுவில் ரப்பர் வைக்க வேண்டும் என்றார் ஷிபு.

ரப்பரா! சார் வீட்டுக்கு ஓடிப்போய், எங்கள் மரத்தில் வெட்டிய பாலில் அடித்துப் புகைபோட்ட ரப்பர் ஷீட் ஒரு கட்டு கொண்டுவந்தார். முகமெல்லாம் பல். ஷிபு தொட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வெயிலில இளகி ஒட்டிப் பிடிக்கும் சாரே. கடையில பாய் மாதிரி ரப்பர் கிட்டும், அத வாங்கிட்டு வாங்க."

வீட்டைச் சுற்றி ரப்பர் மரத்தை வைத்துக்கொண்டு ரப்பர் வாங்கக் கடைக்குப் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

செவ்வாய் சாயங்காலம் வேலை முடிந்தது. இந்தத் தடவை காலி டேங்கோடு ட்ரயல் கிடையாது என்று நான் சொல்லிவிட்டேன். மோட்டார் போட்டு, வாய் வரைக்கும் நிறைத்தோம். புதன் காலையில் சாரும் ஷிபுவும் ஒற்றசேகரமங்கலம் பக்கம் ரோடு மோசமாக இருக்கிற இடமாகத் தேடிப் போய் ஓட்டினார்கள். பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டும் ஓட்டினார்கள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பிரேக் போட்டால், உள்ளே தண்ணீர் அலையடித்து டேங்கையே முன்னால் நகர்த்துகிறது. பட்டறைக்கு வந்து முன்னும் பின்னும் இரண்டு தடுப்பு, மேலே குறுக்காக ஒரு பட்டை. மறுபடி குண்டும் குழியும். டேங்க் அசையவில்லை.

ஆனால் மைனி? அவளும் அசையவில்லை.

சார் தனியாகப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"அக்கா, வெளிய போனா நீ வெள்ளம் குடிக்கமாட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ஆம்பிளைட்ட சொல்லுத காரியமா மக்கா அது?"

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் சொல்கிறேன்.

"ஒருக்கா வந்து டேங்கப் பாரு அக்கா. உனக்குத் திருப்தி இல்லேன்னா நானும் போகல்ல."

மைனி ஊன்றுகோலோடு மெதுவாக வந்தாள். குனிய முடியாது. கோலை நீட்டி டேங்கை ஒரு குத்து. சட்டத்தை இரண்டு குத்து. பட்டறை வேலையை விட்டு வந்து நின்ற ஷிபு, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெறஞ்சா இருக்கு?"

"வாய் வரைக்கும் உண்டு அம்மா."

இன்னொரு குத்து. ஆடவில்லை.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள் மைனி. என் பக்கம் திரும்பினாள். "லீலா, என் மஞ்சப் பட்டுச் சேலைய எடுத்து அயன் பண்ணு."

வியாழன் காலையில் ஜெபம் பண்ணி, சக்கை வறுத்தது, கல்யாண முறுக்கு, ஃபிளாஸ்க்கில் சீரக வெள்ளம் எல்லாம் ஏற்றிக் கிளம்பினோம். மைனியின் உதட்டைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பழக்கம் விடுமா? விடிந்ததிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. நாகர்கோவில் தாண்டியது. ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சுற்றுகிற இடத்தில் சார் வண்டியை ஓரம் கட்டினார். மைனி எழுந்து பாத்ரூமுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கிற சத்தம். தண்ணீர் விழுந்தது... நன்றாக, தாராளமாக, வெகுநேரம் விழுந்தது. சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

மைனி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் கையை நீட்டினாள்.

"மக்ளே, அந்தச் சீரக வெள்ளம் ஒரு கிளாஸ் தா."

கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள். "இன்னொண்ணு ஊத்து. நீயும் குடி."

நானும் குடித்தேன். கல்யாணமாகி முதல் தடவையாக, ஓடுகிற வண்டியில், வயிறு நிறைய.

பேத்தி சர்ச்சுக்குள் ஏறியது. மஞ்சள் பட்டில் மைனி முதல் வரிசை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேனைச் சுற்றி வந்து பார்த்து, வண்டி லிட்டருக்கு என்ன மைலேஜ் தருகிறது என்று கேட்டார்கள். சார் வாயைத் திறப்பதற்குள் மைனி முந்திக்கொண்டாள்.

"மைலேஜெல்லாம் எனக்குத் தெரியாது மக்கா. நான் வழி முழுக்க வெள்ளம் குடிச்சிட்டாக்கும் வந்தேன்!"