தொளதொள வெட்சூட்

தொப்பை தெரிந்துவிடுமே என்ற கூச்சம், ஒரு ஜனவரியில் அமீரகத்தின் புஜைரா கடலில் என் உயிரை எடுக்கப் பார்த்தது.

கப்பலின் அடிப்பாகம் கழுவும் வேலைக்கு டைவிங் சர்டிபிகேட் கேட்டார்கள். பயிற்சிக்கு, குளிர் தாங்க உடம்போடு ஒட்டும் வெட்சூட் என்ற ரப்பர் உடையைத் தவிர்த்து இரண்டு அளவு பெரியதை மாட்டினேன்.

"என்னண்ணே, அண்ணியோட நைட்டியா? தண்ணி பூரா உள்ள வருமே," என்று சிரித்தான், தண்ணீருக்குள் எனக்குத் துணையாக இறங்கும் ஜோடி செல்வம்.

"இதுவே வசதிப்பா."

மூன்றாவது முறை இறங்கியபோது, ஒவ்வொரு அசைவுக்கும் கழுத்து வழியாகப் புதுக் குளிர்நீர் முதுகில் இறங்கியது. உடம்பு நடுங்கியது; என்னால் எல்லோருக்கும் பயிற்சி கெடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு நடுக்கம் நின்றது. குளிர் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

நலமா என்று செல்வம் சைகையில் கேட்டான். பதிலாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். எவ்வளவு முயன்றும் அவை சேரவில்லை. யாருடைய விரல்களோ போல என் கண்ணெதிரே விறைத்து நின்றன.

அவன் என் தோள்பட்டியைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோனான். படகில் எல்லோர் முன்னாலும் அந்த உடையை உரித்து, துண்டால் அழுத்தித் துடைத்தான்.

"குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

நான் பயந்தபடியே வெற்றுடம்பாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் யாரும் என் தொப்பையைப் பார்க்கவில்லை. நீலம் பாய்ந்த என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.