முடி வளரட்டும்

1984 கோடையில் முந்திரிக்கொல்லையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்திருந்தது. அவள் கணவர் இளையபெருமாள் மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்து, மொட்டைத் தலையோடு அவளை உயிரோடு உடையார்பாளையம் கொண்டுவந்து சேர்த்தார். அவ்வளவு கெட்டிக்கார மனுஷர்தான்.

சில வாரங்களில் அவள் நடை தள்ளாடியது. பாயிலேயே சிறுநீர் போனது. கிணற்றில் விழுந்து செத்த அக்கா பூங்காவனத்தோடு சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். படுக்கும்போது அக்காவுக்கு இடம் விட்டு ஒதுங்கிப் படுத்தாள். எதிர்வீட்டுக்காரன் நான், பார்த்திருக்கிறேன்.

"தடுமாற்றம் வந்தா ஒடனே வாங்க" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். செத்தவள் பேரைக் கேட்டதும் இளையபெருமாளுக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் பக்கம் பேய்க்கா பஞ்சம்!

பூசாரி அய்யம்பெருமாள் உடுக்கையடித்து, "யாரு நீ?" என்று கேட்டார்.

"பூங்காவனம்" என்றாள் பச்சையம்மாள். கூடியிருந்த நாங்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தோம்.

பேய் பிடித்தவளின் உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்து அறுத்துவிட வேண்டும். பேய் மரத்தோடு நின்றுவிடும். பூசாரி அவள் தலையைத் தடவினார்.

"கைக்கே சிக்கலியேப்பா. முடி வளரட்டும், ஓட்டிடலாம்."

இளையபெருமாள் காத்திருந்தார். தினமும் காலையில் அவள் தலையைத் தடவிப் பார்த்து, கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்தார். உள்ளே மூளையில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. "இருட்டிக்கிட்டு வருதுங்க" என்று பட்டப்பகலில் அவள் சொன்னாள். கிணற்றில் கிடந்தவள் வேறெப்படிப் பேசுவாள் என்றார்கள்.

வலிப்பு வந்து நினைவு தப்பிய பிறகுதான் மறுபடி மெட்ராஸ் போனார்கள். நானும் கூடப் போனேன்.

"தலைக்குள்ள தண்ணி தேங்கியிருக்கு. இவ்வளவு நாள் எதுக்குக் காத்திருந்தீங்க?"

"முடி வளரட்டும்னு, சார்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வளர்ந்த முடியை மழித்துவிட்டு, நீர் வடிய மண்டையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்தார்கள்.

அதோடு பூங்காவனம் வரவில்லை. சில நாளில் பச்சையம்மாள், "ஏங்க" என்று தெளிவாகக் கூப்பிட்டாள். மாதக்கணக்கில் கேட்காத குரல். இளையபெருமாள் வார்டு என்றும் பாராமல் ஓவென்று அழுதார்.

"அழாதீங்க. லைட்டப் போடுங்க, ஒங்க மொகத்தப் பாக்கணும்."

ஜன்னல் வெயில் அவள் கட்டில் முழுக்க விழுந்திருந்தது.

"கரண்டு இல்ல, புள்ள" என்றார்.

அந்தப் பொய்யைச் சாயங்காலம் வரைக்கும்தான் அவரால் காப்பாற்ற முடிந்தது.