நிறுத்தக் கூடாத மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் குழந்தைகள் டாக்டராக இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் வார்டுக்குள் நுழைந்தால் நர்சுகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆனால் புதுச்சத்திரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பத்து வயதுப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். அது அவர்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷமாக அவளுக்கு ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. சீதபேதி என்று ஆளாளுக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். நானும்தான் கொடுத்தேன், மூன்று முறை. எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் மெட்ராஸுக்கு என் பேராசிரியரிடம் அனுப்பினேன். குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கிருமியே இல்லை. உடம்பு தன் குடலைத் தானே புண்ணாக்கிக்கொள்கிற நோய். நான் படித்த புத்தகத்தில், ஏதோ வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதுபோல, அதைப் பற்றி நாலே வரி இருந்தது. நாலு வரியை நம்பி ஒரு உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். பயமாக இருக்காதா?

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தேன். ரத்தம் நின்றது, கன்னம் உப்பியது. அவள் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஏனுங்க, இதை ஒரு நாள்கூட நீங்களா நிறுத்தக் கூடாது. திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து."

"நிறுத்த மாட்டோமுங்க டாக்டரம்மா."

வெள்ளாமைக்காரர், சொன்ன சொல் தவறாதவர். மாத்திரை தீர இரண்டு நாள் இருக்கும்போதே வந்து நிற்பார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம். கை கால் சில்லிட்டிருந்தது. நாடி என் விரலுக்கு அகப்படவே இல்லை.

"மாத்திரை குடுத்தீங்களா?"

"அம்மா எறங்கியிருக்கறப்ப மருந்து குடுக்கலாமுங்களா? மூணு நாளாக் குடுக்கலீங்க."

கத்தினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? பெத்த புள்ளையைக் கொல்லப் பாத்தீங்களே!" வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை.

"நீங்க சொன்னதெல்லாம் தவறாம செஞ்சோமுங்க. அம்மா வந்தா என்ன பண்றதுன்னு நீங்க சொல்லலீங்களே."

சுருக்கென்றது. நான் என்ன சீமையிலா பிறந்தேன்? ஓமலூர்க்காரி. என் தம்பிக்கு அம்மை போட்டபோது எங்கள் வீட்டு வாசலிலும் வேப்பிலை செருகினார்கள். அவனுடைய இருமல் மருந்தைக்கூடப் பரணில் தூக்கி வைத்தோம். வைத்ததே நான்தான். இவர்களும் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஊசியில் ஸ்டீராய்டு ஏற்றினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்து அம்மை நுரையீரலுக்கு இறங்கிவிடலாம். ஏற்றாவிட்டால் சாயங்காலம் தாண்டமாட்டாள். அம்மையை அடக்குகிற மருந்து எதுவும் அப்போது எங்கள் கையில் இல்லை. மெட்ராஸில் பேராசிரியரைக் கேட்க நேரமும் இல்லை. ஏற்றுவது என்று முடிவு செய்தேன். எனக்கு நரம்பு கிடைக்கவில்லை, நர்சுதான் குத்தினார். நாலு நாள் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே கிடந்தேன். அதுவரை கும்பிடாத மாரியம்மனைக் கும்பிட்டேன், திட்டியும் தீர்த்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கொப்புளங்கள் காய ஆரம்பித்திருந்தன. அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். குனிந்தேன். கஞ்சி கேட்பாள் என்று நினைத்தேன்.

"எங்கப்பனைத் திட்டாதீங்க டாக்டரம்மா."

அவ்வளவு மயக்கத்திலும் அது அவள் காதில் விழுந்திருக்கிறது. அவர் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லை சாமி, தப்பு என்னுது" என்றேன் அவளிடம். அன்று கத்தியது எத்தனை பேருக்குக் கேட்டதோ, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.