ராயபுரம் ஸ்டேஷனில் மெழுகு மனிதர்கள்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு மெழுகு என்றால் வேண்டுதல். தலைவலி தீரவில்லையா, மெழுகில் ஒரு தலை. கால் வீங்கிப்போச்சா, மெழுகில் ஒரு கால். பிள்ளை இல்லையா, மெழுகில் ஒரு பிள்ளை. வாங்கிக்கொண்டு போய் வேளாங்கண்ணியில் மாதா காலடியில் வைத்துவிட்டு வருவோம். என் சித்தி வருஷா வருஷம் ஒரு முழு ஆளை வைத்தாள், உள்ளங்கை உயரத்தில். காசிமேட்டிலிருந்து லாஞ்சில் மீன்பிடிக்கப் போன சித்தப்பா ஒரு புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. லாஞ்சும் வரவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை.

செத்தவர்களுக்குச் செய்யும் எதையும் செய்யச் சித்தி விடவில்லை. நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளன்று எங்கள் கோவில் பூசையில் இறந்தவர்களின் பேரை வாசிப்பார்கள். அவரவர் வீட்டுப் பேரை முன்கூட்டியே சாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும். சித்தப்பா பேரையும் கொடு என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் கெஞ்சுவாள்.

"உயிரோட கீற ஆளுக்கு நான் இன்னாத்துக்குப் பேர் குடுக்கணும்?" என்று சித்தி எழுந்து போய்விடுவாள்.

பூசையில்லாமல் அந்த ஆத்மா எங்கே தவிக்கிறதோ என்று அம்மா மூக்கைச் சிந்துவாள். நான் சித்தி கட்சி. ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது நல்ல சேதிதானே, இதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நான் நாலாவது படிக்கும்போது ராயபுரம் ஸ்டேஷனைப் பழுதுபார்த்து, சிவப்புச் சாயம் அடித்து, உள்ளே மெழுகுச் சிலைக் கண்காட்சி வைத்தார்கள். அங்கிருந்து முதல் ரயில் கிளம்பிய நாளை அப்படியே செய்து வைத்திருக்கிறார்களாம். அதுவரை ஆடு படுக்கிற கட்டடம் என்றுதான் அதை நாங்கள் நினைத்திருந்தோம். பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் விட்ட பீத்தல் தாங்காமல் நான் சித்தியைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் கூட்டிப்போனாள்.

அடேயப்பா, அந்தத் தூண்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மெழுகு மனிதர்கள்! தொப்பி போட்ட துரைகள், பாவாடை விரிந்த துரைசாணிகள், பேண்டு வாத்தியக்காரர்கள். எல்லோருக்கும் பின்னால், ஓரமாக, இடுப்பில் ஒரு துண்டோடு மூட்டை சுமக்கிற கூலியாள். நான் துரைசாணியின் கண் இமை முடியை எண்ணாத குறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பினால், சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, அந்தக் கூலியாள் முன்னால் முழங்காலில் நின்றிருந்தாள்.

"தோ பார்றா, பொம்மைக்குப் பூசை!" என்று பின்னால் ஒருத்தன் சிரித்தான். எனக்கு மானமே போயிற்று. "எந்திரி சித்தி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. விவரம் சொல்ல நின்றிருந்த ஒரு காலேஜ் அக்காவைக் கூப்பிட்டாள்.

"யாரும்மா நேந்துகினாங்க, இம்மாம் பெருசா? அந்த ஆளு திரும்பி வந்துட்டாரா?"

அந்த அக்கா சிரிக்கவில்லை. மகராசி, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "இது வேண்டுதல் இல்லக்கா. முதல் ரயில் கிளம்புன அன்னிக்கு இங்க இருந்தவங்க. இதுல யாருமே இப்ப உயிரோட இல்ல. ஜனங்க மறந்துடக் கூடாதுன்னு செஞ்சு வெச்சிருக்காங்க."

"எல்லாருமே போய்ட்டாங்களா?"

"ஆமாக்கா, எப்பவோ."

சித்தி எழுந்தாள். ஒவ்வொரு துரையின் காலடியிலும் பேர் எழுதிய பலகை இருந்தது. கூலியாளின் காலடியில் ஒன்றும் இல்லை.

"இவரு பேர் இன்னா?"

"தெரியலக்கா. யாரும் சொல்லி வைக்கல."

சித்தி அந்த மெழுகு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது.

"வூட்ல ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றாள். "அவளும் வாயத் தொறக்காம இருந்துட்டா."

அதற்கப்புறம் துரைசாணியை இன்னொரு தரம் பார்க்கக்கூட விடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு நேராகக் கோவிலுக்கு நடந்தாள். சாமியார் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். "ஃபாதர், எங்க வூட்டுக்காரரு பேரையும் படிச்சுடுங்க" என்றாள். சாமியார் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை வருஷமாக இதைத்தானே கேட்டாள், கொடுத்தாலும் அழுகிறாளே என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று கோவில் நிரம்பி வழிந்தது. மழைக்கு வாசலிலும் ஆட்கள் குடையோடு நின்றிருந்தார்கள். சாமியார் மைக்கில் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நடுவில் சித்தப்பாவின் பேர், அவருடைய அப்பா பேரோடு சேர்த்து, தெருவரைக்கும் கேட்கிற மாதிரி ஒலித்தது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர். அம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்து பேர் வாசிப்பது என்றால் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுதான். கூப்பிட்டால் ஆள் எழுந்து உள்ளேன் என்று சொல்ல வேண்டும். சித்தப்பா வந்துவிட்டார் போலிருக்கிறது என்று பெஞ்சு மேல் ஏறி நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். "எங்க சித்தி, சித்தப்பாவக் காணோமே?" என்று கேட்டும்விட்டேன்.

சித்தி என்னை அதட்டவில்லை. அவளும் ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்த்தாள். அதனால் நான் நினைத்தது சரிதான் என்று இன்னும் எட்டிப் பார்த்தேன்.